சிரங்கு வார்டிலிருந்து ஒரு மருத்துவத் துறை



மருத்துவத்தின் முன்னோடி ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஏற்பாடு. அழைப்பு வந்தபோது யாரைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என் பணிக்காலம் முழுவதும் தோல்நோய்ப் பிரிவிலேயே கழிந்தது. அப்படி ஒரு பிரிவு மருத்துவமனைகளில் இருப்பதற்குக் காரணமானவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வியன்னாவின் ஃபெர்டினான்ட் ஃபான் ஹெப்ரா. அவரை நம் மாணவர்கள் தேர்வுக்குப் படித்த ஒரு வரியாக மட்டுமே அறிவார்கள். பொதுமக்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது என்று நினைக்கிறேன். அதில் ஒரு சிறு பகுதியையாவது இன்று தீர்க்கப் பார்க்கிறேன்.

ஹெப்ரா பிறந்தது 1816 செப்டம்பர் 7 அன்று. ஊர், இன்று செக் நாட்டில் இருக்கும் புர்னோ. அந்நாளில் அது ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. வியன்னாவில் மருத்துவம் படித்து 1841-இல் பட்டம் பெற்றார். அப்போது ஐரோப்பாவிலேயே பெரிய மருத்துவமனைகளில் ஒன்று வியன்னா பொது மருத்துவமனை. பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1784-இல் திறந்துவைத்தது. அங்கே இரண்டு பேர் மருத்துவத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கார்ல் ரோக்கிடான்ஸ்கி. தம் வாழ்நாளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளைச் செய்தவர். இன்னொருவர் யோசெப் ஸ்கோடா. நெஞ்சைத் தட்டிப் பார்த்தும் காதுவைத்துக் கேட்டும் உள்ளே நடப்பதைச் சொல்லும் கலைக்குக் கணக்கும் ஒழுங்கும் கொடுத்தவர். உயிரோடு இருக்கையில் ஸ்கோடா கேட்ட ஒலியை, இறந்தபின் ரோக்கிடான்ஸ்கி திறந்து காட்டிய உறுப்போடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஊகத்துக்கு அங்கே இடமில்லை. இந்தச் சூழலில் வளர்ந்த இளைஞர் ஹெப்ரா.

ஸ்கோடாவின் நெஞ்சுநோய்ப் பிரிவோடு வேறொரு வார்டையும் நிர்வாகம் ஒட்டிவைத்திருந்தது. உடம்பில் தடிப்பும் புண்ணும் உள்ளவர்களை அடைத்துவைக்கும் வார்டு அது. அங்கே பெரும்பாலானோருக்குச் சிரங்கு. செருப்புத் தைப்பவர்கள், தையல்காரர்கள், தொழில் பழகிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பையன்கள், ஒரே படுக்கையில் இரண்டு மூன்று பேராகப் படுத்துறங்கும் ஏழைகள். முன்னுக்கு வர நினைக்கும் எந்த மருத்துவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அங்கே போய் என்ன புகழ் சம்பாதிப்பது? ஸ்கோடா அந்த வார்டைத் தம் உதவியாளரான ஹெப்ராவிடம் விட்டார். இதுவரை யாரும் உழாத நிலம் இது, இதில் இறங்கு என்ற பொருளில் ஊக்கமும் கொடுத்தார். ஹெப்ரா முகம் சுளிக்காமல் இறங்கினார். ஒரு மருத்துவத் துறையே அந்த வார்டிலிருந்துதான் கிளம்பியது.

அவருக்கு முன்னால் யாரும் தோலைப் படிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. லண்டனில் ராபர்ட் வில்லான் கேரி தெரு இலவச மருந்தகத்தில் ஏழைகளைப் பார்த்தபடியே, தோலில் தோன்றும் மாற்றங்களைப் பரு, செதில், கொப்புளம், சீழ்க்கொப்புளம் முதலான எட்டு வகைகளாகப் பிரித்தார். 1798-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய நூல் இன்றும் எங்கள் துறையின் அடித்தளம். பாரிசில் செயின்ட் லூயி மருத்துவமனையில் அலிபேர் தோல்நோய்களை ஒரு மரமாகவே வரைந்து காட்டினார். வில்லான் கண்ணுக்குத் தெரிவதற்குப் பெயர் வைத்தார். அலிபேர் உறவுமுறை கற்பித்தார். ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இருவரிடமும் உறுதியான பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் ஹெப்ரா கையில் எடுத்தார்.

அந்நாளில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்று இருந்தது. உடம்பின் உள்ளே ரத்தம் கெடுகிறது; கெட்ட நீர் வெளியேற வழி தேடுகிறது; அந்த வழிதான் தோல். ஆகவே சிரங்கும் கரப்பானும் நோய்களே அல்ல, உள்ளே இருக்கும் கேட்டின் வடிகால். வடிகாலை அடைத்தால் கேடு உள்ளே திரும்பி நுரையீரலிலோ மூளையிலோ இதயத்திலோ போய் உட்காரும். எனவே சிரங்குக்கு மேல்மருந்து போடுவதே ஆபத்து. கொடுக்க வேண்டியது பேதி மருந்து, எடுக்க வேண்டியது ரத்தம். ஜெர்மன் மருத்துவப் பேராசிரியர்கள் பலர் இதை வகுப்பறையில் கற்பித்தார்கள். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனும் 1828-இல், நாள்பட்ட நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அமுக்கப்பட்ட சிரங்கே வேர் என்று எழுதினார்.

இதைக் கேட்கும்போது உங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு நினைவுக்கு வந்திருக்கும். "மருந்து போட்டு அமுக்கிடாதீங்க, உள்ளே போயிடும்" என்று பாட்டிமார் சொல்லி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தாய் ஆறு மாதக் குழந்தையை எடுத்துவந்தார். உள்ளங்கையும் உள்ளங்காலும் முழுக்கச் சீழ்க்கொப்புளம். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஏனம்மா இவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்றேன். "உள்ளே இருக்கிற கெட்டது எல்லாம் வெளியே வரட்டும்னு மாமியார் சொன்னாங்க சார்" என்றார். அந்த மாமியார் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பேரக்குழந்தைக்கு நல்லது நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அந்தத் தாயின் விரலிடுக்கைப் பார்த்தேன்; அங்கும் இருந்தது. குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் சிரங்குக்குக் காரணம் ஒரு சிறு பூச்சி என்பது ஹெப்ராவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1687-இல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்துக்காரரும் நுண்ணோக்கியில் அதைப் பார்த்து, வரைந்து, அறிஞர் ரெடிக்குக் கடிதமாக எழுதினார்கள். அவர்களை அங்கே இட்டுச்சென்றது எந்த நூலும் அல்ல. ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து குண்டூசி முனையால் எதையோ நோண்டி எடுத்து நகத்தில் நசுக்குவார்கள். அடிமைகள் ஒருவருக்கொருவர் அப்படியே எடுத்துவிடுவார்கள். அவர்கள் எடுப்பது என்ன என்று இந்த இருவரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். படிப்பறியாத தாய்மார் கண்டறிந்ததைப் படித்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டு நம்ப மறுத்தார்கள்.

இடையில் ஒரு மோசடியும் நடந்தது. 1812-இல் பாரிசில் காலேஸ் என்பவர் சிரங்குப் பூச்சியைக் கண்டதாகச் சொல்லிப் படமும் வெளியிட்டார். பிறகு தேடியவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. காரணம், அவர் வரைந்து காட்டியது பாலாடைக்கட்டியில் வாழும் பூச்சி! ராஸ்பாய் என்ற அறிவியலாளர் இதை அம்பலப்படுத்தியதும், சிரங்குப் பூச்சியே கட்டுக்கதை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். காட்டுபவருக்கு 300 பிராங்க் பரிசு என்று லுகோல் என்ற மருத்துவர் சவால்கூட விட்டார். 1834 ஆகஸ்டில் கோர்சிகா தீவிலிருந்து வந்திருந்த ரெனுச்சி என்ற மாணவர் அலிபேரின் வகுப்பில், ஊரில் பெண்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே, ஒரு நோயாளியின் கையிலிருந்து ஊசி முனையில் பூச்சியை எடுத்துக் காட்டினார். கொப்புளத்துக்குள் தேடியவர்களுக்கு அது கிடைக்காததில் வியப்பில்லை. அது கொப்புளத்துக்குள் இருப்பதில்லை, சற்றுத் தள்ளி வளைக்குள் இருக்கிறது. அந்த இடத்தைக் கோர்சிகத் தாய்மார் அறிந்திருந்தார்கள்.

அப்போதாவது விவகாரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பூச்சி இருப்பது உண்மைதான், ஆனால் கெட்ட ரத்தம் உள்ள உடம்பில்தான் அது குடியேறும், அது விளைவு, காரணம் அல்ல என்று கட்சி மாறினார்கள். தாம் பிடித்த கொள்கையை விடாமல் உண்மையை மட்டும் அதற்குள் திணித்துக்கொள்ளும் வழக்கம் அறிவாளிகளிடம் எக்காலத்திலும் உண்டு.

ஹெப்ரா விவாதத்தில் இறங்கவில்லை. தம் கையை நீட்டினார். நோயாளிகளிடமிருந்து எடுத்த பூச்சிகளைத் தம் தோலிலேயே விட்டு, அவை துளைத்து உள்ளே போவதையும், அரிப்பு தொடங்குவதையும், சொறிந்த இடத்தில் தடிப்பும் கொப்புளமும் எழுவதையும் கவனித்துக் குறித்துக்கொண்டார். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த இளைஞர் அவர். ரத்தம் கெட்டிருந்தது என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. பூச்சி வந்தால் சிரங்கு வருகிறது, பூச்சியைக் கொன்றால் சிரங்கு போகிறது. உள்ளுக்கு ஒரு மருந்தும் கொடுக்காமல், மேல்பூச்சு மட்டும் கொடுத்து வார்டிலிருந்தவர்களைக் குணப்படுத்தினார். ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கானவர்களிடம் இதைச் செய்தும், அமுக்கியதால் நோய் உள்ளே போய் உறுப்பைத் தாக்கியது என்று சொல்லும்படி ஒருவரையும் அவர் காணவில்லை. 1844-இல் சிரங்கு பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தபோது அவர் முப்பதைத் தொடாத இளைஞர்.

அவர் பயன்படுத்திய மருந்து எளியது. கந்தகம், தார், மென்சோப்பு, சுண்ணப்பொடி, பன்றிக்கொழுப்பு எல்லாம் சேர்ந்த களிம்பு. வில்கின்சன் களிம்பு என்று வழங்கிய அதை அவர் திருத்தி அமைத்தார். வாசனை சகிக்காது. ஆனால் வேலை செய்தது. கந்தகக் களிம்பு இன்றும் பச்சிளங்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பான மருந்தாக எங்கள் பட்டியலில் இருக்கிறது.

அவர் எப்படிப் பார்த்தார் என்பதை மாணவர்களுக்காகச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். நோயாளியின் கையை வாங்கி, சன்னல் பக்கம் திருப்பி, விரல்களை அகட்டுங்கள். விரலிடுக்கிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ சாம்பல் நிறத்தில் நூலிழை போல ஒரு கோடு தெரியும். சில மில்லிமீட்டர் நீளம்தான், நேராக இல்லாமல் சற்று நெளிந்திருக்கும். அதன் ஒரு முனையில் சொரசொரப்பு. பூச்சி நுழைந்த வாசல் அது. மறு முனையில் கூர்ந்து பார்த்தால் ஒரு வெண்புள்ளி. அந்தப் புள்ளிதான் பெண் பூச்சி. அதன் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இராது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டபடி அது வளையை நீட்டிக்கொண்டு போகும். கோடு தெளிவாக இல்லையென்றால் அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுங்கள். மேலே உள்ள மை போய்விடும், வளைக்குள் இறங்கிய மை நிற்கும். ஊசியால் அந்த முனையை மெல்ல நெம்பினால் பூச்சி ஊசியில் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கண்ணாடி வில்லையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்த மாணவன் வாழ்நாளில் சிரங்கைத் தவறவிடமாட்டான்.

உடம்பு முழுவதும் சொறிந்த தடம் இருந்தாலும் பூச்சி குடியிருக்கும் இடங்கள் குறைவு. அக்குள், முழங்கை, மணிக்கட்டு, அடிவயிறு, தொடையிடுக்கு ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் ஒரு கற்பனை வட்டத்தை இன்றும் ஹெப்ரா வட்டம் என்றே சொல்கிறோம். அவர் பெயரைச் சுமக்கும் எத்தனையோ சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. இது நிற்கிறது.

சிரங்கில் கற்ற பாடத்தை அவர் மற்ற தோல்நோய்களுக்கும் கொண்டுபோனார். நல்ல தோலில் எரிச்சலூட்டும் குரோட்டன் எண்ணெயைத் தடவினார். முதலில் சிவந்தது, பிறகு சிறு கொப்புளம், பிறகு நீர்க்கசிவு, பிறகு பொருக்கு. கரப்பானின் எல்லாப் படிகளும் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வில்லான் வழிவந்தவர்கள் இவற்றை வெவ்வேறு நோய்களாகப் பெயரிட்டிருந்தார்கள். ஒரே நோயின் வெவ்வேறு நாட்கள் இவை என்று ஹெப்ரா காட்டினார். 1845-இல் ரோக்கிடான்ஸ்கியின் நோயியல் அடிப்படையில், தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொண்டு தோல்நோய்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பன்னிரண்டையும் இங்கே அடுக்கப் போவதில்லை. பல இன்று செல்லாது. ஆனால் தோலும் ஓர் உறுப்பு, ஈரலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள நியாயம் அதற்கும் உண்டு என்று அந்த வகைப்பாடு நிலைநாட்டியது. அதே வேகத்தில் தோல்நோய்க்கென்று தனிப் பிரிவு அவர் பொறுப்பில் அமைந்தது. 1849-இல் பேராசிரியர் பதவியும் வந்தது.

அவருடைய வகுப்புக்கு உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 1856-இல் வந்த ஜேம்ஸ் வைட், திரும்பிப் போய் ஹார்வர்டில் அந்நாட்டின் முதல் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆனார். நோயாளி உள்ளே வந்ததும் ஹெப்ரா எதுவும் கேட்கமாட்டாராம். கையைப் பார்த்து, காய்ப்பைப் பார்த்து, கறையைப் பார்த்து, இவர் என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் நோய்க்கு வருவார். மாணவர்கள் ரசித்தார்கள். ஆனால் அதை வேடிக்கைக்காகச் செய்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டி சுடுபவர் கையும் செங்கல் அடுக்குபவர் கையும் வெவ்வேறாகத்தான் கெடும். தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் கைக்கரப்பானுக்கு மருந்து எழுதுவது வீண். சிமெண்ட் குழைக்கும் கொத்தனார்களையும் சாயப்பட்டறைத் தொழிலாளர்களையும் பார்க்கும் நம் மருத்துவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

புகைப்படம் வளராத அக்காலத்தில், பார்க்க வராதவர்களுக்கும் நோயைக் காட்டுவதற்காகப் பெரிய வண்ணப்படத் தொகுப்பு ஒன்றை 1856 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். வரைந்தவர்கள் ஆண்டன் எல்ஃபிங்கரும் கார்ல் ஹைட்ஸ்மனும். இருவருமே மருத்துவம் படித்த ஓவியர்கள். நோயாளியின் முகம், தோள், முதுகு எல்லாம் இயல்பான அளவில். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளை நான் பார்த்திருக்கிறேன். என்னைத் தொட்டது அவற்றின் துல்லியம் மட்டும் அல்ல. நோயைக் காட்டும் படத்தில் மனிதரையும் விட்டுவிடாமல் வரைந்திருக்கிறார்கள். ஒரு கிழவரின் கண்ணில் தெரியும் களைப்பு, ஒரு பெண்ணின் தலைமுடி வாரிய விதம், எல்லாம் இருக்கிறது.

தீக்காயம் பட்டவர்களுக்கும், உடம்பெங்கும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்தவர்களுக்கும் அவர் செய்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. படுக்கைத் துணி ஒட்டினாலே உயிர் போகும் வலி அவர்களுக்கு. 1860களின் தொடக்கத்தில் ஹெப்ரா ஒரு தொட்டி செய்வித்தார். உள்ளே துணிப்படுக்கை, அதன்மேல் நோயாளி, சுற்றிலும் உடற்சூட்டில் வெந்நீர், நீர் மாறிக்கொண்டே இருக்கும். நோயாளி அதிலேயே உண்டு, அதிலேயே உறங்கி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கிடப்பார். எல்லோரும் பிழைத்துவிடவில்லை. ஆனால் வலியின்றிக் கிடந்தார்கள். குணப்படுத்த முடியாதபோதும் வேதனையைத் தணிப்பது மருத்துவரின் வேலை என்று அவர் கருதியதற்கு அந்தத் தொட்டியே சாட்சி.

இனி, அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் வருத்துவதும் ஆகிய கதைக்கு வருகிறேன். அதே மருத்துவமனையின் முதல் பிரசவ வார்டில், 1846-இல் பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் காய்ச்சலில் இறந்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் கண்டார். பிரேதத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கையில்தான் மரணம் போகிறது. 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். மறு ஆண்டில் சாவு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே வந்தது. ஆனால் அவருக்கு எழுத வராது. தயங்கினார். அவருக்காகப் பேனா எடுத்தவர் ஹெப்ரா. வியன்னா மருத்துவர் சங்கத்தின் இதழில் 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் அந்தக் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். ஜென்னரின் அம்மைப்பால் கண்டுபிடிப்புக்கு நிகரானது என்று தயங்காமல் எழுதினார். மூத்த பேராசிரியர்கள் முகம் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பிரசவத்துக்கும் தோல் மருத்துவருக்கும் என்ன தொடர்பு என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். சிரங்கில் அவர் கண்டதும் இதுவும் ஒன்றுதான்: நோய் வெளியிலிருந்து, கையோடு, தொடுகையோடு வருகிறது. அதனால் அவருக்கு உடனே புரிந்தது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது வேறு. ஊரும் உலகமும் ஏற்காத வேதனையில் செம்மல்வைஸின் மனம் குலைந்திருந்தது. 1865 ஜூலையில் குடும்பத்தார் அவரை வியன்னாவுக்கு அழைத்துவந்தார்கள். ரயில் நிலையத்தில் வரவேற்றவர் பழைய நண்பர் ஹெப்ரா. என் புதிய சிகிச்சை நிலையத்தைப் பார்க்க வாருங்கள் என்று சொல்லி, மனநோய் விடுதிக்கு அழைத்துப் போனார். உண்மை தெரிந்து வெளியேற முயன்ற செம்மல்வைஸைக் காவலர்கள் அடித்து அடக்கினார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, காயம் புரையோடி அவர் இறந்தார். வயது 47. எந்தத் தொற்றை எதிர்த்துப் போராடினாரோ அதே வகைத் தொற்று. ஹெப்ரா கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நம்பவில்லை. நண்பருக்கு வேறு வழியில்லை என்று நினைத்திருப்பார். ஆனாலும் பொய் சொல்லித்தான் அழைத்துப் போனார். நாம் மதிக்கும் ஒருவரின் வரலாற்றில் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மருத்துவத்திலும் அவர் தவறினார். சின்னம்மையும் பெரியம்மையும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று கடைசிவரை சாதித்தார். நம் ஊரில் அம்மை பார்த்துப் பழகிய எந்தக் கிழவியும் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருப்பார். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வளையமாகப் பரவும் படையை அருமையாக விவரித்தார். ஆனால் அதைக் கரப்பான் வகையில் சேர்த்தார். அது பூஞ்சைத் தொற்று என்பது பிறகுதான் உறுதியானது. உள்ளுறுப்புக் கோளாறு தோலில் தெரியாது என்னும் அளவுக்கு அவர் மறுபக்கம் சாய்ந்ததும் உண்டு. நீரிழிவும் சிறுநீரக நோயும் தோலில் காட்டும் அடையாளங்களை இன்று எங்கள் மாணவர்கள் முதல் மாதத்திலேயே படிக்கிறார்கள். இந்தத் தவறுகளால் அவருடைய பெரிய வேலை சிறுத்துவிடவில்லை என்பது என் தீர்ப்பு.

1880 ஆகஸ்ட் 5 அன்று ஹெப்ரா காலமானார். துறைத் தலைமை அவருடைய மாணவரும் மருமகனுமான மோரிட்ஸ் கபோசிக்குப் போனது. அந்தக் கபோசி 1872-இல் விவரித்த தோல் புற்று, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எய்ட்ஸ் நோய் உலகுக்குத் தெரியவந்தபோது அதன் முதல் அடையாளங்களில் ஒன்றாக மீண்டும் பேசப்பட்டது.

இப்போது நம் நிலைக்கு வருவோம். உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிரங்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2017-இல்தான் அது புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. காரணம் தெரியும், மருந்து தெரியும், மருந்தின் விலையும் பெரிதல்ல. பின் ஏன் ஒழியவில்லை? இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனையில் ஒரு விடை கிடைத்தது. முதன்முறை தொற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் அரிப்பே தெரிவதில்லை. அதற்குள் அவர் வீட்டிலிருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். அரிப்பவருக்கு மட்டும் மருந்து பூசினால், அரிப்பில்லாத தம்பியிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அது திரும்பி வரும். விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இதுதான் நடக்கிறது.

இன்னொரு பெருங்கேடு நம் நாட்டில் வேகமாகப் பரவியிருக்கிறது. அரித்தால் மெடிக்கலுக்குப் போய் ஒரு ட்யூப் வாங்கித் தடவுவது. அந்த ட்யூபில் பெரும்பாலும் பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. பூசியவுடன் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். அடியில் பூஞ்சை தழைத்து வளரும். தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். ஹெப்ரா விவரித்த அந்தத் தொடையிடுக்குப் படை, அவரே பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறி எங்கள் வாசலுக்கு வருகிறது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை இருக்கிறது. ட்யூபும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து சில வேண்டுகோள்களை வைக்கிறேன். வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு என்று மருத்துவர் சொன்னால், அரித்தாலும் அரிக்காவிட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து கால்விரல் நுனிவரை, விரலிடுக்கும் நக இடுக்கும் தொப்புளும் விடாமல் மருந்து பூசுங்கள். மறுநாள் துணிமணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஒரு வாரம் கழித்து மருத்துவர் சொன்னபடி மறுபடி பூசுங்கள். கைக்குழந்தைக்கு எப்படிப் பூசுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அமுக்கினால் உள்ளே போகும் என்ற அச்சம் வேண்டாம். அது உள்ளே போவதில்லை, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் போகும். சீட்டில்லாமல் எந்தக் களிம்பையும் வாங்காதீர்கள்.

மாணவர்களே, உங்கள் புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளமாக இருக்கும், நேரம் குறைவாக இருக்கும். இருந்தாலும் சொறிந்துகொண்டே வருபவரை மேசைக்கு அப்பால் நிறுத்திவைத்து மருந்து எழுதாதீர்கள். அவர் கையைத் தொட்டு வாங்கி, விரலிடுக்கைப் பாருங்கள். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று கேளுங்கள். அந்த வீட்டாரை எல்லாம் அழைத்துவரச் சொல்லுங்கள்.